சலாதும் தலைக்கவசமும்: ஒரு பழஞ்சொல்லின் வேரைத் தேடுவது எப்படி

ஐரோப்பியப் படைவீரர்கள் 15ஆம் நூற்றாண்டில் அணிந்த ஒருவகை இரும்புத் தலைக்கவசத்துக்கு ஆங்கிலத்தில் சலெட் என்று பெயர். பிரெஞ்சுக்காரர்கள் அதைச் சலாத் என்றார்கள். திருகோணமலைச் சந்தையில் மரக்கறிக்காரர் சலாது என்று கட்டிக் கொடுக்கிற இலைக்கும் பிரெஞ்சில் சலாத் என்ற பெயர்தான் பொருந்தும். எழுத்துக்கூட்டு முதற்கொண்டு ஒன்றே. தலையில் கவிழ்ப்பதற்கும் தட்டில் வைப்பதற்கும் எப்படி ஒரே பெயர் வந்தது?

என்னிடம் இதைக் கேட்டவன் என் பெறாமகன். உயர்தரப் பரீட்சைக்குப் படிப்பதாகப் பேர். படிப்பதெல்லாம் கணினி விளையாட்டில் வரும் போர்வீரர்களின் உடுப்புப் பட்டியலை. "பெரியப்பா, இது சாப்பிடுகிற சாமானா, தலையில் போடுகிற சாமானா?" என்றான். விடையைச் சொன்னால் அடுத்த நிமிடம் மறந்துவிடுவான் என்று தெரியும். ஆகையால் தேடும் வழியை ஒரு கொப்பியில் எழுதிக் கொடுத்தேன். அதையே கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன். சலெட்டை வைத்துப் பழகிக்கொண்டால் வேறு எந்தப் பழைய சொல்லையும் இதே வழியில் பிடிக்கலாம்.

எனக்கு உவர்மலையில் மொழிபெயர்ப்பு வேலை. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு என்று முத்திரை குத்திக் கொடுப்பதில்தான் அடுப்பு எரிகிறது. காணி உறுதியைப் படித்துப் பழகியவனுக்குச் சொல்லின் வரலாறு புதிதாகத் தெரியாது. இன்னாரிடமிருந்து இன்னாருக்கு, அவரிடமிருந்து இவருக்கு என்று கைமாறிய வரிசை இருக்க வேண்டும். ஒவ்வொரு கைக்கும் ஆண்டு இருக்க வேண்டும். இடையில் ஒரு கை விடுபட்டால் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட வேண்டும். "இந்தக் காணி ஆதியில் எங்கள் பாட்டனுடையது" என்று வாயால் சொல்வது எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் உறுதி ஆகாது. சொல்லுக்கும் சட்டம் அதுவே.

முதலில் பொருளைப் பாருங்கள்

அகராதியைத் திறப்பதற்கு முன் அந்தப் பொருளின் படத்தைப் பாருங்கள். அருங்காட்சியகங்கள் இப்போது தங்கள் சேகரிப்பின் படங்களை இணையத்தில் போட்டிருக்கின்றன. நியூயோர்க்கின் மெட்ரோபொலிடன் அருங்காட்சியகத்தில் நல்ல சலெட்டுகள் இருக்கின்றன. மண்டையை ஒட்டிய இரும்புக் கூடு. பிடரிப் பக்கம் நீண்டு கழுத்தை மூடும். இத்தாலியில் செய்தவை கழுத்தோடு வளைந்து அடக்கமாக இருக்கும். ஜெர்மன் நாடுகளில் செய்தவற்றில் பின்பக்கம் வால் நீண்டு கூராகும். பலவற்றில் கண்ணுக்கு நேரே கிடையாக ஒரு பிளவு. நாடியும் தொண்டையும் திறந்தே கிடக்கும், அதை மூட வேறொரு தகடு வேண்டும்.

பிறகு காலத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தலை முழுவதையும் வாளிபோல் அடைக்கும் பெரிய ஹெல்ம் 13ஆம் நூற்றாண்டுக்காரரது. பாசினெட் 14ஆம் நூற்றாண்டு. சலெட் 15ஆம் நூற்றாண்டு. உச்சியில் சீப்புப் போன்ற முகடு வைத்து விளிம்பு முன்னும் பின்னும் மேல்நோக்கி வளைந்த மோரியன் 16ஆம் நூற்றாண்டு. எல்லை அங்குலக் கணக்கில் பிரியாது, ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஆனாலும் இந்த ஒரு வரி உங்கள் கொப்பியில் இருந்தால் பாதித் தவறுகள் நெருங்காது.

ஓர் உதாரணம். கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்தது 1622இல். அடுத்த இரண்டாண்டுக்குள் கோயிலின் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினார்கள். பின்னாளில் பிரித்தானியர் அதற்கு பிரெட்ரிக் என்று பெயர் வைத்தார்கள். கோட்டை வாசலில் இரட்டைக் கயலோடு "முன்னே குளக்கோட்டன்" என்று தொடங்கும் கல்வெட்டை இன்றும் காணலாம். பறங்கி பிரிப்பான் என்று சொல்கிற அதே பாட்டு. அந்தப் பறங்கிப் படையை நாடகத்திலோ ஓவியத்திலோ காட்டும்போது முகம் முழுவதும் மூடிய இடைக்காலக் கவசத்தைத் தலையில் கவிழ்த்துவிடுகிறோம். 1620களில் சலெட் வழக்கொழிந்து நூறாண்டு ஆகிவிட்டது. சுடுகலன் காலத்துப் படைவீரனுக்கு மோரியன் வகையே பொருந்தும். கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப் பார்க்க வருகிறவர்களுக்குக் கோட்டையையும் காட்டிக் கதை சொல்லும் வழிகாட்டித் தம்பிமார் இதைக் குறித்துக்கொண்டால் எனக்கு மகிழ்ச்சி.

ஒரே தாளில் எல்லா வடிவங்களையும் எழுதுங்கள்

ஆங்கிலத்தில் சலெட், சலேட் எனப் பல எழுத்துக்கூட்டுகள். பிரெஞ்சில் சலாத். இத்தாலியனில் செலாத்தா. ஸ்பானியத்திலும் போர்த்துக்கேயத்திலும் எழுத்தில் செலாதா. ஜெர்மனில் ஷாலர். இவற்றைக் கீழே கீழே எழுதாமல் தாளில் பரவலாக எழுதி நடுவில் இடம் விடுங்கள். பிறகு அம்புக்குறி போட இடம் வேண்டும்.

எந்த அகராதி? சொல்லுக்குப் பொருள் மட்டும் தருகிற அகராதி இந்த வேலைக்கு உதவாது. எந்த மொழியிலிருந்து வந்தது, எந்தக் காலத்து எழுத்தில் முதலில் கிடைக்கிறது என்று சொல்கிற அகராதி வேண்டும். ஸ்பானிய அரச அகாதமியின் அகராதியையும், பிரெஞ்சு மொழிக் கருவூலத்தையும், 1879இல் வெளிவந்த லூயிஸ்–ஷோர்ட் லத்தீன் அகராதியையும் இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். பிரெஞ்சு தெரியாதே என்று தயங்க வேண்டாம். நமக்கு வேண்டியது ஒவ்வொரு பதிவிலும் சொற்பிறப்பைச் சொல்கிற ஒரு பந்தி மட்டும். மொழிகளின் பெயர்ச் சுருக்கங்கள் பத்துப் பன்னிரண்டைப் பழகிவிட்டால் போதும். காலஞ்சென்றவரின் டச்சு உறுதியைப் பார்த்து எல்லைகளை மட்டும் பிரித்தெடுக்கும் நொத்தாரிசுமாரை நான் கண்டிருக்கிறேன்.

ஒலியைப் பின்தொடருங்கள்

ஒரு சொல் ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது தன் இஷ்டத்துக்கு உருமாறுவதில்லை. ஒவ்வொரு மொழிக்கும் ஒரு பழக்கம் உண்டு. அந்தப் பழக்கத்தைக் கற்க வெளியே போக வேண்டாம். நீங்கள் அமர்ந்திருக்கும் கதிரையைப் பாருங்கள்.

கிரேக்கத்திலிருந்து லத்தீனுக்குப் போன சொல் கத்தெத்ரா. ஆசனம் என்று பொருள். அது போர்த்துக்கேயரின் வாயில் கதெய்ரா ஆயிற்று. நம்மிடம் வந்து கதிரை ஆயிற்று. உயிரெழுத்துகளுக்கு நடுவே வன்மையாக ஒலித்த த்த மெலிந்து த ஆனதைக் கவனியுங்கள். தமிழ்க் காதுக்கு இது எளிது: இரட்டித்தால் வன்மை, நடுவில் தனித்து நின்றால் மென்மை என்பது நம் வல்லினத்தின் இயல்பே அல்லவா? லத்தீனில் சொல்லுக்கு நடுவில் நின்ற இந்த வல்லோசை ஸ்பானியத்திலும் போர்த்துக்கேயத்திலும் மெலியும். இத்தாலியின் செம்மொழி வழக்கில் பெரும்பாலும் மெலியாமல் நிற்கும். ஆகவே செலாத்தாவும் செலாதாவும் வெவ்வேறு சொற்கள் அல்ல, ஒரே சொல்லின் இரண்டு பிறப்புச் சான்றிதழ்கள் என்பது இங்கேயே தெரிந்துவிடும்.

பிரெஞ்சு இன்னும் ஒரு படி மேலே போகும். லத்தீனில் ஆத்தா என்று முடிந்த சொல் பிரெஞ்சு வீட்டிலேயே வளர்ந்திருந்தால் அதன் வால் தேய்ந்து ஏ என்ற ஒலியில் நிற்கும். லத்தீன் அர்மாத்தா, ஆயுதம் தாங்கியது. ஸ்பானியத்தில் அர்மாதா, பிரெஞ்சில் ஆர்மே. ஆங்கிலேயர் இரண்டையும் வாங்கினார்கள்: ஸ்பானியக் கடற்படைக்கு ஆர்மடா, தரைப்படைக்கு ஆர்மி. ஆர்மி என்ற சொல்லுக்கு இந்த ஊரில் விளக்கம் தேவையில்லை.

இப்போது சலாத்தைத் திரும்பப் பாருங்கள். அது ஆத் என்று முடிகிறது. ஏ என்று முடியவில்லை. பிரெஞ்சு வீட்டுப் பிள்ளை என்றால் இப்படி இருக்காது. தெற்கே இருந்து, அதாவது இத்தாலிய, ஸ்பானிய, தென்பிரான்சுப் புரோவென்சால் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய சொல் அது. ஒரு வாலை வைத்தே இவ்வளவு சொல்லிவிடலாம். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குக் கொஞ்சம் செருக்கு வந்தது என்பதை மறைப்பானேன்.

சாப்பிடும் சலாத்துக்கும் அதே வால்தான். அதன் மூலம் சாலாத்தா, 'உப்பிட்டது'. சால் என்றால் லத்தீனில் உப்பு. உப்புநீரில் பிரட்டிய கீரை. அதுவும் தெற்கே இருந்து வந்தது. பிரெஞ்சு வீட்டிலேயே வளர்ந்த அதன் உடன்பிறப்பு சலே. இன்றும் 'உப்பிட்டது' என்ற பொருளோடு உயிருடன் இருக்கிறது. ஆக, ஒன்று செ என்று தொடங்கி வந்த கவசம், மற்றொன்று ச என்று தொடங்கி வந்த கறி. பிரெஞ்சு மண்ணில் கால் வைத்த பிறகு முதலதன் எகரம் அகரமாகி இரண்டும் ஓர் உருவானது. ஆங்கிலத்தில் இரண்டுக்குமே கடைசி எழுத்து டகரமாக வல்லித்தது. ஜோன் ஈவ்லின் 1699இல் பச்சைக் கறிகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் கீரையைச் சலெட் என்றே எழுதுகிறார். கவசத்தின் எழுத்துக்கூட்டு அச்சாக அதுதான்.

சொல்லை விற்றவர் இத்தாலியரா ஸ்பானியரா என்பதில் அகராதிகள் ஒரே குரலில் பேசுவதில்லை. எனக்கு இத்தாலிப் பக்கமே சாய்வு. பொருள் எங்கே செய்யப்பட்டதோ அங்கிருந்தே பெயரும் ஏற்றுமதியாவது வழக்கம். 15ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குக் கவசம் அடித்துக் கொடுத்த பட்டறைகளில் மிலான் நகரத்தவை முன்னணியில் நின்றன. மிஸ்ஸாலியா குடும்பத்தார் அந்தத் தொழிலில் தலைமுறையாகப் பேர் பெற்றவர்கள். வட இத்தாலியப் பேச்சு வழக்குகளிலும் த்த மெலிந்து த ஆகும் என்பதால், பிரெஞ்சுக்காரர் ஆத் என்று கேட்டதற்கு ஸ்பானியர் வரை போக வேண்டிய தேவை இல்லை.

உளியா, மறைவா?

இதுவரை வந்தது நேர்வழி. இனித்தான் காணியில் வழக்கு.

செலாத்தா என்ற இத்தாலியச் சொல்லுக்கு லத்தீனில் இரண்டு மூலங்கள் உரிமை கோருகின்றன. ஒன்று கைலாத்தா: உளியால் செதுக்கப்பட்டது. கைலும் என்றால் உளி. மற்றொன்று கேலாத்தா: மறைக்கப்பட்டது. ரோமப் பேச்சாளர் சிசெரோவின் காலத்தில் ஐ என்றும் ஏ என்றும் இந்த இரண்டும் தெளிவாகப் பிரிந்து ஒலித்தன. பிற்காலத்தில் ஐகாரம் எகரமாகச் சுருங்கியது, ககரம் சகரமாகத் திரிந்தது. இரண்டும் செலாத்தா ஆகிவிட்டன. எல்லைக் கல் புதைந்துபோன இடம் இது.

மறைவுக் கட்சியின் வாதம் காதுக்கு இனியது. தலைக்கவசம் தலையை மறைக்கிறது. அதற்கு 'மறைப்பு' என்று பெயர் வைப்பது இயல்பு. அதோடு இன்னொரு கவர்ச்சி. ஆங்கிலத்தின் ஹெல்ம் என்ற சொல்லே மூடுதல், மறைத்தல் என்ற பொருள் கொண்ட மிகப் பழைய வேரிலிருந்து வந்தது. நரகத்தைக் குறிக்கும் ஹெல் என்ற சொல்லும் அதே வேர், மறைந்த இடம். வில்லியம் என்ற பெயரின் பின்பாதியும் இந்த ஹெல்ம்தான். லத்தீனின் கேலாரே, மறைத்தல், அதே வேரின் இன்னொரு கிளை. அப்படியென்றால் சலெட்டும் ஹெல்மெட்டும் பிரிந்துபோன உடன்பிறப்புகள் ஆகிவிடும். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் கண்ணாடியில் தொங்கும் பொருளின் பெயர் 'சிறிய ஹெல்ம்' என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுக் குறுக்கம். அதற்குச் சலெட் தங்கை முறை. எவ்வளவு அழகாகக் கூடி வருகிறது! இவ்வளவு அழகாக வந்தாலே நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படிப்பேன்.

உளிக் கட்சிக்கு எழுத்தில் சாட்சி இருக்கிறது. சிசிலித் தீவின் ஆளுநராக இருந்த வெர்ரெஸ் என்பவனைக் கொள்ளைக் குற்றத்துக்காக கி.மு. 70இல் ரோம நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். வழக்கை நடத்தியவர் சிசெரோ. வெர்ரெஸ் மேல் அவர் எழுதிய உரையில் எங்குயும் என்ற ஊர்க் கோயில் வருகிறது. அந்தக் கோயிலுக்கு ரோமத் தளபதி ஸ்கிப்பியோ காணிக்கையாக வைத்திருந்த வெண்கல மார்புக்கவசங்களும் தலைக்கவசங்களும் கொரிந்து நகர வேலைப்பாட்டில் 'செதுக்கப்பட்டவை' என்று சொல்ல அவர் பயன்படுத்தும் சொல் இந்தக் கைலாத்தாவின் பன்மை. தலைக்கவசமும் செதுக்கலும் ஒரே வாக்கியத்தில். வெர்ரெஸ் அவற்றையும் விட்டுவைக்கவில்லை. கோயிலைக் கொள்ளையிட்ட ஆளுநனைப் பற்றிய ரோம வழக்கொன்றில் எனக்கு வேண்டிய சொல் கிடைத்ததைக் கோணேசர் ஊரில் இருந்துகொண்டு படிக்கும்போது, சொல்லை விட்டுச் சற்று நேரம் வழக்கையே படித்துக்கொண்டிருந்தேன்.

'செதுக்கப்பட்டது' என்ற வினைச்சொல் எப்படிப் பொருளின் பெயராகும் என்று கேட்டால், நன்னூல் படித்தவர் சிரிப்பார். பொங்கல், வற்றல், சுண்டல். தொழிலாகுபெயர். 'செதுக்கப்பட்ட கவசம்' என்பதில் கவசம் உதிர்ந்துபோய்ச் 'செதுக்கப்பட்டது' மட்டும் மிஞ்சும். 'உப்பிட்ட கறி' என்பதில் கறி உதிர்ந்து 'உப்பிட்டது' மிஞ்சும். சலெட்டும் சலாதும் வேரால் உறவில்லாதவை. பெயர் ஆன விதத்தால் ஒரே சாதி.

எதிர்வாதமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. நமக்குக் கிடைத்திருக்கும் சலெட்டுகளில் பெரும்பாலானவை வழவழப்பாக, ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கின்றன. சில சம்மட்டித் தழும்போடு கறுப்பாகவே விடப்பட்டவை. வெனிஸ் பக்கத்தில் வெல்வெட் துணி போர்த்திப் பொன்முலாம் பூசிய அலங்காரம் வைத்தவை இருக்கின்றன. அங்கும் உளி வேலை இரும்பில் இல்லை. செதுக்காத பொருளுக்குச் 'செதுக்கியது' என்று பெயரா? இதற்கு என் விடை: பெயர் பகட்டான உருப்படிக்கு வைக்கப்பட்டு மலிவான உருப்படிக்கு இறங்கி வருவது எங்கும் நடப்பது. 1475–80 அளவில் இத்தாலியில் செய்த ஒரு சலெட் மெட்ரோபொலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எஃகுக் கூட்டின்மேல் பொன்முலாம் பூசிய செப்புத் தகட்டில் சிங்கத்தின் தலை. பிடரி மயிர் சுருள் சுருளாக, வாய் திறந்து, பற்களுக்கு நடுவே அணிந்தவனின் முகம் தெரியும்படி செய்திருக்கிறார்கள். சிங்கத்தோல் போர்த்திய ஹெர்குலிஸை நினைத்துச் செய்தது. அதை ஒருமுறை பார்த்தவனுக்கு 'வேலைப்பாடு செய்தது' என்ற பெயரின்மேல் ஐயம் குறையும்.

ஆனாலும் சிசெரோவுக்கும் மிலான் பட்டறைக்கும் நடுவே ஆயிரத்தைந்நூறு ஆண்டு. கைமாறிய ஏடுகள் அங்கே தொடர்ச்சியாக இல்லை. அதனால்தான் கவனமான அகராதிகள் கைலாத்தாவைச் சொல்லும்போது 'பொதுவாக இவ்வாறு கொள்ளப்படுகிறது' என்ற சாயலில் எழுதுகின்றன. ஸ்பானிய அகாதமி இன்னும் துப்புரவாக ஒன்றைச் செய்திருக்கிறது. கவசமான செலாதாவைத் தனிப் பதிவாக்கி உளியில் சேர்த்திருக்கிறது. பதுங்கித் தாக்குதல் என்று பொருள்படும் இன்னொரு செலாதாவை வேறு பதிவாக்கி மறைவில் சேர்த்திருக்கிறது. ஒரே ஒலியுள்ள இரண்டு காணிகளுக்கு இரண்டு உறுதி. நானும் அதையே பின்பற்றுகிறேன்: உளி என்று எழுதி, பக்கத்தில் பென்சில் கோடு.

இனிக்கும் கதைகளைச் சோதியுங்கள்

சலெட்டைக் கவிழ்த்து வைத்தால் கீரை பிரட்டும் கிண்ணம்போல இருக்கும், அதனால் அந்தப் பெயர் என்று ஒரு கதை எவருக்கும் தோன்றும். ஜெர்மன் ஷாலரைப் பார்த்தால் கிண்ணம் என்று பொருள்படும் ஷாலெ வேறு வந்து சாட்சி சொல்லும். கதையை நம்புவதற்கு முன் ஒரே கேள்வி: கிண்ணத்துக்கு அந்தப் பெயர் முன்பே இருந்ததா? சலாத் என்பது கறியின் பெயர், கலத்தின் பெயர் அல்ல. கதை அங்கேயே நின்றுவிடுகிறது.

வடிவத்தால் பெயர் வருவதே இல்லை என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடாதீர்கள். பாசினெட்டுக்கு அப்படித்தான் வந்தது. பாசின், அகன்ற கலம். பாசினெட், சிறு கலம். வரிசையில் ஒரு கையும் விடுபடாத சுத்தமான உறுதி. ஸ்பெயினின் புகழ்பெற்ற நாவலின் நாயகன் டொன் குயிக்ஸோட், 1605இல் வந்த அதன் முதற்பாகத்தில், சவரக்காரனின் பித்தளைப் பாத்திரத்தைப் பிடுங்கி பழைய வீரக் கதைகளில் வரும் மம்பிரீனோவின் மாயத் தலைக்கவசம் என்று தலையில் வைத்துக்கொள்கிறார். ஊரார் சிரிக்கிறார்கள். சொல்லின் வரலாறு தெரிந்தவர்கள் அவ்வளவு உரக்கச் சிரிக்க மாட்டார்கள்.

அதே நூலின் தொடக்கத்தில் சலெட்டுக்கும் ஒரு காட்சி இருக்கிறது. பூட்டன் காலத்துத் துருப்பிடித்த கவசங்களைத் தேய்த்து எடுக்கிறார். முழுமையான செலாதா இல்லை. வெறும் மோரியன் ஒன்று கிடக்கிறது. மட்டையை வெட்டி ஒட்டி மீதியைச் செய்கிறார். வலிமையைச் சோதிக்க வாளால் வெட்டுகிறார். ஒரு வாரத்து வேலை முதல் வெட்டிலேயே போய்விடுகிறது. மறுபடி செய்து உள்ளே இரும்புக் கம்பி வைக்கிறார். இம்முறை சோதிக்காமலே உயர்ந்த செலாதா என்று அறிவித்துவிடுகிறார். இதில் நமக்கு வேண்டிய செய்தி: 1605இல் செலாதா என்பது பூட்டன் காலத்து வீரத்தின் பெயர், மோரியன் அண்மைக்காலச் சிப்பாயின் சாமான். இரண்டையும் ஒட்டுவதுதான் பகிடி. காலவரிசை கொப்பியில் இருந்தால் மூலநூலில் இருக்கும் பகிடியும் உங்களுக்குக் கிடைக்கும்.

வழக்கில் எப்படி நடந்தது?

சொல் பிறந்த இடத்தோடு நிறுத்திவிடாமல், அது மக்கள் வாயில் எப்படிப் புழங்கியது என்று ஓர் இடமாவது காட்டுங்கள். சலெட்டுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது: ஷேக்ஸ்பியரின் ஆறாம் ஹென்றி, இரண்டாம் பாகம். 1450இல் இங்கிலாந்தில் கலகம் செய்த ஜாக் கேட் தோற்று ஓடி, ஐந்து நாள் பட்டினியோடு கென்ற் பகுதியில் ஒருவரின் தோட்டச் சுவரேறிக் குதிக்கிறான். புல்லாவது கீரையாவது கிடைக்குமா என்று பார்க்க வந்தவன், சலெட் என்ற சொல்லை வைத்துத் தனக்குள் பேசுகிறான். இந்தச் சொல் எனக்கு நன்மை செய்யவே பிறந்தது. எத்தனை முறை சலெட் இல்லாவிட்டால் என் மண்டை பிளந்திருக்கும். அணிவகுத்து நடந்து தாகமெடுத்தபோது தண்ணீர் குடிக்கும் பாத்திரமாகவும் அது உதவியது. இப்போது எனக்குச் சோறு போடவும் அதுவேதான் வேண்டும் என்கிறான். தலையில் இருந்ததும் வயிற்றுக்குப் போவதும் ஒரே ஒலி. ஷேக்ஸ்பியரின் பார்வையாளருக்கு இரண்டு பொருளும் காதில் விழுந்தன என்பதற்கு இது நேர்ச்சாட்சி. நம் சிலேடைப் புலவர்கள் கேட்டிருந்தால் கேட்டுக்கு ஒரு வெண்பா பாடியிருப்பார்கள்.

தமிழில் எழுதும்போது

கண்டுபிடித்ததை எழுத வேண்டுமல்லவா? தலைக்கவசம் என்பது நல்ல சொல். பொலிஸ்காரர் மறிக்கும்போதுகூட அதைத்தான் கேட்கிறார். ஆனால் ஐந்து வகைக் கவசம் வரும் கட்டுரையில் ஐந்தையும் தலைக்கவசம் என்றால் படிப்பவர் திகைப்பார். முதல் முறை 'சலெட் என்னும் தலைக்கவசம்', பிறகு சலெட். மகுடம், கிரீடம், முடி ஆகியவை அரசனுக்குரியவை, தொட வேண்டாம். சிரஸ்திராணம் பிழையில்லாத சொல். தலைக் காப்பு என்றே பொருள். எனக்குப் பிடிக்கும், என் வாசகருக்குப் பல்லில் சிக்கும்.

பழந்தமிழில் மெய்ம்மறை என்று ஒரு சொல் இருக்கிறது. உடலை மறைப்பது, கவசம். பதிற்றுப்பத்தில் சேர மன்னனைச் சான்றோர் மெய்ம்மறை என்று விளிக்கிறார்கள். வீரர்களுக்குக் கவசம் போன்றவன். அங்கே சான்றோர் என்றால் போர்வீரர். ஐரோப்பியர் ஹெல்ம் என்று 'மறைத்தல்' வேரிலிருந்து சொல் செய்ததைப்போல நாமும் மறையிலிருந்து செய்திருக்கிறோம் என்று காட்ட இதை மேற்கோளாகக் காட்டலாம். உறவு என்று காட்டக் கூடாது, இரண்டும் தனித்தனியாக அதே எண்ணத்துக்கு வந்தவை. மெய்ம்மறையைப் பார்த்துத் தலைமறை என்று புதுச்சொல் ஆக்கிவிடவும் வேண்டாம். படிப்பவருக்குக் கவசம் நினைவுக்கு வராது, பிடியாணை நிலுவையில் உள்ளவர்தான் நினைவுக்கு வருவார்.

கொப்பியின் கடைசிப் பக்கத்தில் பெறாமகனுக்கு ஒரு பயிற்சி வைத்தேன். சலெட் திறந்துவிட்ட நாடியையும் தொண்டையையும் மூடிய அந்தத் தனித் தகட்டுக்கு பெவர் என்று பெயர். அதன் பழைய பிரெஞ்சு வடிவம் பாவியேர். குழந்தையின் கழுத்தில் வாய்நீர் வடியாமல் கட்டும் துணிக்கும் அதே சொல். வேர் 'வாய்நீர் வடித்தல்'. இதை நானே சொல்லிவிட்டேன். மோரியனை விட்டுவைத்திருக்கிறேன். ஸ்பானிய அகாதமி அகராதியில் தொடங்கி, உச்சந்தலையைக் குறிக்கும் சொல் ஏதாவது அண்டை வீட்டில் இருக்கிறதா என்று பார்க்கட்டும்.